ஆழ் யூடெக்டிக் கரைப்பான்களால் கார்பன் டை ஆக்சைடைப் பிடிப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆய்வகத்தில் இந்தக் கரைப்பான்களை முதன்முறையாகத் தயாரிக்கப்போகும் மாணவர்களுக்கும், "இது நம் ஆலைக்கு உதவுமா?" என்று கேட்கும் பொறியாளர்களுக்கும் எழுதியது. கார்பன் டை ஆக்சைடைச் சுருக்கமாகக் கரியமில வாயு என்றே குறிப்பிடுகிறோம். வெப்பநிலை எல்லாம் செல்சியஸில்.

ஆழ் யூடெக்டிக் கரைப்பான் என்றால் என்ன?

குல்ஃபி வண்டிக்காரர் ஐஸ்கட்டியோடு கல்லுப்பைக் கலப்பதைப் பார்த்திருப்பீர்கள். உப்பும் பனியும் சேர்ந்தால் உறைநிலை மைனஸ் 21 டிகிரி வரை இறங்கும். இரண்டு பொருள்களைக் கலக்கும்போது, ஒரு குறிப்பிட்ட விகிதத்தில் உருகுநிலை மிகக் கீழே வந்து நிற்கும். அந்தப் புள்ளிதான் யூடெக்டிக். கலவையின் உறைநிலை குறைவது பொதுவாக எதிர்பார்க்கக்கூடியதே. இரண்டு பொருள்களுக்கும் இடையே வலுவான ஹைட்ரஜன் பிணைப்பு உருவாகி, கணக்குப்படி வரவேண்டிய அளவைவிட இன்னும் கீழே இறங்கினால் அதை 'ஆழ்' என்கிறோம்.

எல்லோரும் தொடங்குவது கோலின் குளோரைடு என்ற உப்பும் யூரியாவும் சேர்ந்த ஜோடியில்தான். கோலின் குளோரைடு 302 டிகிரியில் சிதைந்தபடியே உருகும். யூரியா 133 டிகிரியில் உருகும். இரண்டையும் 1:2 மோல் விகிதத்தில் கலந்தால் அறை வெப்பநிலையில் தெளிந்த திரவம் கிடைக்கிறது. இங்கிலாந்தின் லெஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஆண்ட்ரூ அபட் குழுவினர் 2003-ல் இதை வெளியிட்டபோது உறைநிலை 12 டிகிரி என்று குறிப்பிட்டார்கள். பின்னாளில் மிகக் கவனமாக உலர்த்தி அளந்தவர்களுக்கு அது 25 டிகிரியை ஒட்டி வந்தது. வேறுபாட்டுக்குக் காரணம் ஈரம். இந்தத் துறையில் பாதிக் குழப்பம் ஈரத்தால் வருவதுதான் என்பதை இப்போதே மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கலவைக்கு ரிலைன் என்று பெயர். யூரியாவுக்குப் பதில் எத்திலீன் கிளைக்கால் என்றால் எத்தலைன், கிளிசரால் என்றால் கிளிசலைன்.

அயனித் திரவமும் இதுவும் ஒன்றா?

இல்லை. அயனித் திரவம் முழுக்க அயனிகளால் ஆனது. இதில் யூரியா போன்ற மின்னூட்டமற்ற மூலக்கூறுகளும் பெருமளவில் உள்ளன. தயாரிப்பில் வினை எதுவும் இல்லை. எடைபோட்டு, கலந்து, சூடாக்கினால் போதும். பிரித்துத் தூய்மை செய்யும் கட்டம் இல்லாததால் விலையும் குறைவு.

கரியமில வாயுவை இது எப்படிப் பிடிக்கிறது?

இரண்டு வழிகள். இவற்றைப் பிரித்துப் பார்க்காமல் எந்த எண்ணையும் நம்ப வேண்டாம்.

முதல் வழி வெறும் கரைதல். சோடாவில் வாயு கரைவதுபோல, அழுத்தம் ஏற ஏறக் கரையும் அளவும் ஏறும். ரிலைன், எத்தலைன், கிளிசலைன் மூன்றும் இந்த வகை. வெளியாகும் வெப்பம் ஒரு மோலுக்கு 15 முதல் 20 கிலோஜூல் அளவில்தான் இருக்கும். அழுத்தத்தைத் தணித்தாலே வாயு வெளியே வந்துவிடும்.

இரண்டாவது வழி வேதிவினை. கரைப்பானின் ஒரு பாகம் அமீனாக (நைட்ரஜன் கொண்ட கரிமக் காரமாக) இருந்தால், அது கரியமில வாயுவோடு சேர்ந்து கார்பமேட் என்ற சேர்மம் ஆகும். இதில் அழுத்தம் குறைவாக இருந்தாலும் நிறையப் பிடிக்கும். ஆனால் விடுவிக்கச் சூடாக்கியாக வேண்டும்.

அப்படியானால் அனல்மின் நிலையப் புகைக்கு ரிலைன் பயன்படுமா?

பயன்படாது. ஏன் என்பதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

40 டிகிரியில், சுமார் 125 பார் அழுத்தத்தில், ரிலைனில் கரியமில வாயுவின் மோல் பின்னம் (மொத்த மோல்களில் அதன் பங்கு) 0.309 வரை போகும் என்று 2008-ல் அளந்தார்கள். கட்டுரைகளின் முன்னுரைகளில் திரும்பத் திரும்ப வரும் எண் இது. கிலோவுக்கு 227 கிராம் என்றால் யாருக்கும் ஆசை வரும். ஆனால் நிலக்கரிப் புகையில் கரியமில வாயு 12 முதல் 15 விழுக்காடுதான். புகை வளிமண்டல அழுத்தத்தில் வருகிறது, எனவே அதன் பகுதி அழுத்தம் வெறும் 0.15 பார். 10 பாரில் மோல் பின்னம் 0.03 அளவில் இருக்கும். அந்த விகிதத்தில் 0.15 பாருக்கு இறங்கினால் 0.0005-ஐ ஒட்டி வரும். ரிலைனின் சராசரி மோல் எடை 86.6 கிராம். ஆக, ஒரு கிலோ ரிலைன் பிடிப்பது சுமார் கால் கிராம்.

ஒரு டன் கரியமில வாயுவுக்கு 4,000 டன் ரிலைனைச் சுற்றவிட வேண்டும். இன்று ஆலைகளில் ஒப்பீட்டுக்கு வைக்கப்படும் மோனோஎத்தனோலமீன் என்ற அமீனின் 30 விழுக்காடு நீர்க்கரைசலோ, ஒவ்வொரு சுற்றிலும் கிலோவுக்கு 45 முதல் 50 கிராம் வரை ஏற்றி இறக்குகிறது. அதற்கு 20 முதல் 22 டன் போதும்.

இன்னொரு ஒப்பீடும் தேவை. 40 டிகிரியில், எடைக்கு எடை வைத்தால், ரிலைன் பச்சைத் தண்ணீரைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்குதான் அதிகம் கரைக்கிறது. அதே வெப்பநிலையில் அதன் பாகுத்தன்மை தண்ணீரைப்போல் 200 மடங்குக்கும் மேல். ரிலைனைப் பற்றி ஒரு கட்டுரை பெருமையாகப் பேசினால், முதலில் அழுத்தம் என்ன என்று தேடுங்கள்.

குறைந்த அழுத்தத்தில் வேலை செய்யும் கலவைகள் எவை?

கோலின் குளோரைடோடு மோனோஎத்தனோலமீனை 1:6 அல்லது 1:7 விகிதத்தில் கலப்பது பரவலான தேர்வு. மோனோஎத்தனோலமீன் ஹைட்ரோகுளோரைடோடு எத்திலீன் டைஅமீனை 1:3 விகிதத்தில் கலப்பது இன்னும் கொள்ளளவு கூடியது. ஆனால் எத்திலீன் டைஅமீன் எளிதில் ஆவியாகும், மூச்சுக்குழலை எரிக்கும். நல்ல புகைக்கூண்டு இல்லாத இடத்தில் அதைத் தொட வேண்டாம்.

அமீன் கலவையில் வினை நடத்துவது அமீன்தான். இரண்டு அமீன் மூலக்கூறுகள் சேர்ந்து ஒரு கரியமில வாயு மூலக்கூறைப் பிடிக்கின்றன: ஒன்று கார்பமேட் ஆகிறது, மற்றொன்று புரோட்டானை வாங்கிக்கொள்கிறது. கோலின் குளோரைடு இந்தக் கணக்கை மாற்றுவதில்லை. நீர்க்கரைசலில் தண்ணீர் இருந்த இடத்தில் இது இருக்கிறது, அவ்வளவே. மோனோஎத்தனோலமீன் தனியாகவே அறை வெப்பநிலையில் திரவம் என்பதால், இந்தக் கலவையை 'ஆழ் யூடெக்டிக்' என்று அழைப்பது சரிதானா என்பதே விவாதத்துக்கு உரியது. பெயரை விட்டுவிட்டு, தண்ணீர் குறைந்த அமீன் கரைப்பான் என்று எண்ணிக்கொண்டால் அதன் பலமும் பலவீனமும் தெளிவாகத் தெரியும்.

மூன்றாவது வகை, எத்திலீன் கிளைக்கால் போன்ற ஆல்கஹாலோடு டி.பி.யு., டி.பி.என். போன்ற மிக வலுவான கரிமக் காரங்களைச் சேர்ப்பது. காரம் ஆல்கஹாலின் புரோட்டானை இழுத்துக்கொள்ள, மிஞ்சும் ஆக்ஸிஜன் முனை கரியமில வாயுவைப் பிடித்துக் கார்பனேட் ஆகிறது. வேதியியலாக அழகான வழி. ஆனால் காரத்தின் விலை அதிகம். புகையில் ஈரம் இருந்தால் பைகார்பனேட் உப்பாகப் படியவும் செய்யும்.

100 கிராம் ரிலைன் தயாரிப்பது எப்படி?

கோலின் குளோரைடு 53.75 கிராம், யூரியா 46.25 கிராம்.

கோலின் குளோரைடு காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும் வேகம் வெல்லத்தையும் தோற்கடிக்கும். வெற்றிட அடுப்பில் 80 டிகிரியில் 24 மணி நேரம் உலர்த்துங்கள். யூரியாவை 60 டிகிரிக்கு மேல் கொண்டுபோகாமல் உலர்த்தினால் போதும். எடைபோடும் இடத்தில் ஈரப்பதம் அதிகம் என்றால் தராசில் நேரடியாகக் கொட்டாதீர்கள்: மூடியுள்ள புட்டியை எடைபோட்டு, குடுவையில் கொட்டிவிட்டு, புட்டியைத் திரும்ப எடைபோட்டு வித்தியாசத்தை எழுதுங்கள்.

இரண்டையும் 250 மி.லி. உருண்டைக் குடுவையில் போட்டு, கால்சியம் குளோரைடு நிரப்பிய காவல்குழாயால் மூடி, எண்ணெய்க் குளியலில் 75 முதல் 80 டிகிரிக்குள் வைத்துக் காந்தக் கலக்கியால் கிளறுங்கள். முதலில் ஈர மணல்போல இருக்கும். அரை மணியில் கூழாகும். ஒன்று முதல் இரண்டு மணி நேரத்தில் துளி மங்கலும் இல்லாத திரவமாகும். வேகமாக முடிக்க வெப்பத்தை ஏற்ற வேண்டாம். அதிக வெப்பத்தில் யூரியா அம்மோனியாவாகவும் ஐசோசயனிக் அமிலமாகவும் உடையத் தொடங்கும். அந்த அமிலம் கோலினின் ஹைட்ராக்சில் முனையோடு வினைபுரியும். அதன்பின் குடுவையில் இருப்பது ரிலைன் அல்ல.

எத்தலைனுக்கு 100 கிராமில் கோலின் குளோரைடு 52.93, எத்திலீன் கிளைக்கால் 47.07 கிராம். கோலின் குளோரைடு, மோனோஎத்தனோலமீன் 1:6 கலவைக்கு 27.59-க்கு 72.41. அமீன் கலவையை நைட்ரஜன் சூழலில் 60 டிகிரியில் தயாரியுங்கள். திறந்து வைத்தால் காற்றிலிருந்தே கரியமில வாயுவைப் பிடித்துக்கொண்டு, சோதனை தொடங்குமுன்பே பாதி வயிறு நிறைந்துவிடும்.

தீவனக் கடை கோலின் குளோரைடும் உரக்கடை யூரியாவும் போதாதா?

நாமக்கல் கோழிப்பண்ணைகளைச் சுற்றியுள்ளவர்களுக்கு இயல்பாக எழக்கூடிய கேள்வி இது. கோலின் குளோரைடு கோழித்தீவனத்தில் சேரும் பொருள்தானே. ஆனால் தீவனத் தூளில் அது பெரும்பாலும் 60 விழுக்காடுதான். மீதி மக்காச்சோளக் கதிர்த்தண்டுப் பொடி அல்லது சிலிக்கா. அது கரையாது, வண்டலாக நிற்கும். 75 விழுக்காடு நீர்க்கரைசலாக விற்கப்படுவது ஓரளவு பரவாயில்லை, தண்ணீரை வெற்றிடத்தில் முழுதாக வெளியேற்ற முடிந்தால்.

உர யூரியா வேண்டவே வேண்டாம். இந்தியாவில் 2015 முதல் மானிய யூரியாவுக்கு வேப்பெண்ணெய்ப் பூச்சு உண்டு. அது திரவத்தைக் கலங்கடிக்கும். பையூரெட் என்ற மாசும் இருக்கும். மேலும் மானிய யூரியாவை விவசாயம் தவிர வேறு வேலைக்குத் திருப்புவது குற்றம். பூச்சில்லாத தொழில்தர யூரியாவைத் தனியே வாங்குங்கள்.

தயாரித்த திரவம் சரியில்லை என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது?

மூக்கும் கண்ணுமே முதல் கருவிகள்.

அம்மோனியா வாடை என்றால் யூரியா உடைந்திருக்கிறது. மீன் வாடை என்றால் கோலின் சிதைந்து டிரைமெத்தில் அமீன் வெளியாகிறது. அமீன் கலவை பழுப்பேறினால் ஆக்ஸிஜன் பட்டிருக்கிறது. ஆறியபின் ஊசி ஊசியாகப் படிகம் வந்தால் எடை விகிதம் தவறியிருக்கலாம். கோலின் குளோரைடில் இருந்த ஈரத்தை உப்பாக நினைத்து எடைபோட்டிருந்தால் யூரியா மிஞ்சும். நன்றாக உலர்ந்த ரிலைன் குளிரூட்டிய அறையில் உறைவது இயல்பு, பதற வேண்டாம்; 40 டிகிரி குளியலில் வைத்தால் தெளியும்.

எவ்வளவு ஈரம் வரை பரவாயில்லை?

பதில் நோக்கத்தைப் பொறுத்தது. அடிப்படைத் தரவு எடுக்கிறீர்கள் என்றால் எடையில் 0.1 விழுக்காட்டுக்குக் கீழே கொண்டுவந்து, எவ்வளவு என்று அளந்து எழுதுங்கள். கார்ல் ஃபிஷர் டைட்ரேஷன் இதற்கான முறை. அமீன் கலவைக்கு அதை அப்படியே செய்தால் முடிவுப்புள்ளி நழுவும், ஏனெனில் காரம் வினைப்பொருளின் காரநிலையைக் கெடுத்துவிடும். பென்சாயிக் அல்லது சாலிசிலிக் அமிலம் சேர்த்துச் சமன் செய்தபின் அளங்கள்.

ஆலைக்கான கலவை என்றால் ஈரத்தை ஒழிப்பது வீண் முயற்சி. புகையிலேயே பத்து விழுக்காட்டை ஒட்டி நீராவி இருக்கும். நீங்கள் உலர்த்திக் கொடுத்த கரைப்பான் சில சுற்றுகளிலேயே தன் பங்குத் தண்ணீரை எடுத்துக்கொள்ளும். ஆகவே தொடக்கத்திலேயே 10, 20, 30 விழுக்காடு தண்ணீர் சேர்த்துச் சோதிப்பதே நேர்மையான வழி. ரிலைனில் தண்ணீர் சேர்ந்தால் கரியமில வாயு கரைவது குறையும், பாகுத்தன்மையும் சரசரவென்று இறங்கும். அமீன் கலவையில் வாயு பைகார்பனேட்டாகப் பிடிபடும் பாதையும் திறப்பதால் சில நேரம் நன்மையே. தண்ணீர் பாதியை எட்டிவிட்டால் ஹைட்ரஜன் பிணைப்பு வலை கலைந்து, அது கோலினும் யூரியாவும் கரைந்த சாதாரண நீர்க்கரைசல் ஆகிவிடும்.

பாகுத்தன்மை ஏன் இவ்வளவு பெரிய சிக்கல்?

25 டிகிரியில் ரிலைனின் பாகுத்தன்மை சுமார் 750 சென்டிபாய்ஸ். விளக்கெண்ணெயை ஊற்றிப் பார்த்தவர்களுக்கு அந்த நடை தெரியும். கிளிசலைன் அதில் பாதி. எத்தலைன் 40-ஐ ஒட்டி, நல்லெண்ணெயைவிடக் கொஞ்சம் மெலிது. தண்ணீர் 0.9.

திரவம் கெட்டியானால் அதனுள் கரியமில வாயு பரவும் வேகம் குறையும். உறிஞ்சும் கோபுரத்தில் திரவம் சில நிமிடங்களே வாயுவைச் சந்திக்கிறது. அந்த நேரத்துக்குள் மேற்பரப்பு மட்டும் நிறைந்து, உட்பகுதி சும்மா இறங்கிப்போகும். தராசில் மணிக்கணக்கில் காத்திருந்து எடுத்த கொள்ளளவு கோபுரத்தில் கிடைக்காது. தவிர, கெட்டித் திரவம் நிரப்புப் பொருளின் மேல் மெல்லிய படலமாகப் பரவாமல் ஓடையாக வடியும், வெப்பமாற்றியில் வெப்பம் கடப்பதும் மந்தமாகும்.

அமீன் கலவைகளில் இன்னொரு தொல்லை உண்டு. கார்பமேட் சேரச் சேர அயனிகள் பெருகிப் பாகுத்தன்மை பல மடங்கு ஏறும். சில கலவைகள் களியாகவே உறைந்து குமிழிக் குழாயை அடைத்துவிடும். குழாய் அடைத்ததைப் பார்க்காமல் "எடை நிலைத்துவிட்டது, உறிஞ்சல் முடிந்தது" என்று எழுதுவது அடிக்கடி நடக்கும் தவறு. பாகுத்தன்மையை எப்போதும் வாயு ஏற்றிய பின்னும் அளங்கள். புதுத் திரவத்தின் எண்ணை மட்டும் கொடுத்தால் படிப்பவருக்குப் பயனில்லை.

உறிஞ்சும் அளவை எளிய முறையில் அளப்பது எப்படி?

அமீன் கலவைக்கு எடைமுறை போதும். மூடியுள்ள 50 மி.லி. கண்ணாடிப் புட்டியில் 10 கிராம் கரைப்பான், ஒரு நீண்ட ஊசி உள்ளே, ஒரு குட்டை ஊசி வெளியேற. புட்டி 40 டிகிரி நீர்க்குளியலில். சிலிண்டரிலிருந்து வரும் வாயுவை உலர்த்தும் குழாய் வழியாக விட்டு நிமிடத்துக்கு 50 மி.லி. அளவில் குமிழவிடுங்கள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை புட்டியின் வெளிப்புறத்தைத் துடைத்து 0.1 மில்லிகிராம் தராசில் எடைபோடுங்கள்.

எவ்வளவு எதிர்பார்க்கலாம் என்று முன்பே கணக்கிட்டு வையுங்கள். 1:6 கலவையில் 10 கிராம் எடுத்தால் அமீன் 0.1186 மோல், அதில் பாதி, 0.0593 மோல் கரியமில வாயு, அதாவது 2.6 கிராம், கார்பமேட் கணக்கின் உச்சம். 40 டிகிரியில் அது ஒன்றரை லிட்டர் வாயு. ஒரு குமிழும் வீணாகாவிட்டால் அரை மணியில் போய்ச்சேர வேண்டும். நடைமுறையில் இரண்டு மூன்று மணி ஆகும். உலர்ந்த கலவை 2.6 கிராமைக் கணிசமாகத் தாண்டினால் மகிழ்ச்சியடையாமல் ஈரம் எங்கிருந்து வருகிறது என்று தேடுங்கள்.

இதற்கு இணையாக அதே அமைப்பில், அதே வேகத்தில் நைட்ரஜன் விட்டு ஒரு வெற்றுச் சோதனை கட்டாயம். வாயு ஓட்டம் அமீனையும் தண்ணீரையும் கொஞ்சம் கொஞ்சமாக அள்ளிக்கொண்டு போகும். அந்த எடை இழப்பு உறிஞ்சலைக் குறைத்துக் காட்டும். நீர் சேர்த்த கலவைகளில் இந்த இழப்பு மிகப் பெரிது, வெளியேறும் வழியில் குளிர்விப்பான் பொருத்தாமல் எடைமுறையே வேண்டாம்.

ரிலைன்போல் குறைவாகக் கரைக்கும் திரவங்களுக்கு அழுத்தம் இறங்கும் முறைதான் சரி. கொள்ளளவு தெரிந்த வாயுக்கலன் ஒன்று, கரைப்பான் உள்ள கலன் ஒன்று, நடுவே வால்வு. திறந்தபின் அழுத்தம் எவ்வளவு இறங்கி நிற்கிறது என்பதிலிருந்து கரைந்த மோல்களைக் கணக்கிடலாம். சில பாருக்கு மேல் போனால் இலட்சிய வாயு விதியை நம்பாமல் பெங்-ராபின்சன் போன்ற சமன்பாட்டைப் பயன்படுத்துங்கள். முந்தைய இரவே நைட்ரஜன் நிரப்பி ஒழுகலைச் சோதியுங்கள், ஏனென்றால் ஒழுகும் வாயு முழுவதும் உங்கள் கணக்கில் உறிஞ்சியதாகப் பதிவாகும். கலக்கி ஓடாமல் வைத்தால் ரிலைன் சமநிலையை எட்ட நாள்கணக்கில் ஆகும்.

வினை எது என்று உறுதிசெய்யக் கார்பன்-13 என்.எம்.ஆர். எடுங்கள். 164 பி.பி.எம். அருகே கார்பமேட், 160-161 அருகே பைகார்பனேட், 158 அருகே ஆல்கஹாலில் இருந்து வந்த கார்பனேட், 125-ல் வெறுமனே கரைந்த வாயு.

சிலிண்டரைக் கையாளும்போது அறையின் காற்றோட்டத்தை மறக்கவேண்டாம். கரியமில வாயு காற்றைவிடக் கனமானது, தாழ்ந்த இடத்தில் தேங்கும்.

ஒரே கலவைக்கு வெவ்வேறு கட்டுரைகள் வெவ்வேறு எண்கள் தருவது ஏன்?

ஈரமும் அழுத்தமும் போக, முக்கியமான காரணம் 'மோல்' என்ற சொல். 1:2 ரிலைனில் ஒரு மோல் என்பதற்குச் சிலர் ஒரு கோலினும் இரண்டு யூரியாவும் சேர்ந்த 259.7 கிராமை எடுக்கிறார்கள். சிலர் சராசரி மோல் எடையான 86.6 கிராமை. மூன்று மடங்கு வித்தியாசம்! மேலே சொன்ன 0.309 மோல் பின்னத்தையே எடுத்துக்கொள்ளுங்கள்: சராசரிக் கணக்கில் மோலுக்கு 0.45, மற்றக் கணக்கில் 1.34. இரண்டாவது எண்ணைப் பார்ப்பவர் ஏதோ வேதிவினை நடக்கிறது என்றே நினைப்பார். எதைப் படித்தாலும் முதலில் 'ஒரு கிலோ கரைப்பானுக்கு எத்தனை கிராம்' என்று மாற்றிவிட்டு ஒப்பிடுங்கள்.

அமீன் கலவைகளின் எண்கள் பல தூய கரியமில வாயுவில், 1 பாரில் எடுத்தவை. 15 விழுக்காடு வாயுவில் அவை குறையும். ஆலைக்கு வேண்டியது ஏற்றிய அளவு மட்டும் அல்ல. ஏற்றிய அளவுக்கும் விடுவித்தபின் தங்கிப்போகும் அளவுக்கும் உள்ள வித்தியாசம்.

பிடித்த வாயுவை விடுவிப்பது எப்படி? ஆற்றல் மிச்சமாகுமா?

ஆய்வகத்தில் 80 முதல் 100 டிகிரியில் நைட்ரஜன் குமிழவிட்டால் வெளியே வந்துவிடும். ஆனால் அப்படிக் கிடைப்பது நைட்ரஜனில் கலந்த கரியமில வாயு, அதைத் திரும்பப் பிரிக்க வேண்டிவரும். ஆலையில் அந்த வேலையை நீராவி செய்கிறது. தண்ணீர் குறைந்த கரைப்பானில் நீராவி போதாது. வெற்றிடம் இழுக்க வேண்டும், அல்லது இன்னும் சூடாக்க வேண்டும். 120 டிகிரியைத் தாண்டினால் அமீன் சிதைவது வேகமெடுக்கும்.

ஆற்றல் மிச்சம் பற்றி: மோனோஎத்தனோலமீன் நீர்க்கரைசலுக்கு ஒரு டன் கரியமில வாயுவுக்கு 3.5 முதல் 4 கிகாஜூல் வெப்பம் ஆகிறது. வினை வெப்பம் மோலுக்குச் சுமார் 85 கிலோஜூல். டன்னுக்கு மாற்றினால் 1.9 கிகாஜூல். அதே அமீனை வைத்துக்கொண்டு இந்தப் பகுதியைப் பெரிதாகக் குறைக்க முடியாது. மிச்சப்படுத்தக்கூடியது மீதிப் பாதி: தண்ணீரைச் சூடாக்குவதும் ஆவியாக்குவதும். ஆழ் யூடெக்டிக் கலவைகளின் வெப்பக் கொள்ளளவு தண்ணீரில் ஏறக்குறைய பாதிதான் என்பதால் அங்கே உண்மையான ஆதாயம் உண்டு. எங்கள் பார்வையில் இந்தத் துறையின் வலுவான வாதம் இதுவே. பாகுத்தன்மை அந்த ஆதாயத்தை விழுங்கிவிடாத கலவையைக் கண்டுபிடிப்பதில்தான் உழைப்புப் போகவேண்டும்.

இவை ஆவியாகாது, அரிக்காது என்பது உண்மையா?

கோலின் குளோரைடு ஆவியாகாது. அதனோடு இருக்கும் அமீனும் கிளைக்காலும் ஆவியாகும், தனியாக இருப்பதைவிடக் குறைவாக. விடுவிக்கும் வெப்பநிலையில் பல சுற்றுகள் ஓடினால் மோல் விகிதமே மாறிவிடும். ஆகவே ஐந்து சுற்றுச் சோதனையில் ஒவ்வொரு சுற்றின் கொள்ளளவோடு மொத்த எடையையும் எழுதிவையுங்கள்.

அரிப்பைப் பொறுத்தவரை குளோரைடு அளவைப் பாருங்கள். ரிலைனில் எடையில் 13.6 விழுக்காடு குளோரைடு, கடல்நீரில் 1.9 விழுக்காடு. உலர்ந்த நிலையில், குறைந்த வெப்பத்தில், இது எஃகை அவ்வளவாகத் தொடாது. தண்ணீரும் ஆக்ஸிஜனும் 100 டிகிரி வெப்பமும் சேரும் இடத்தில் 304, 316 வகை எவர்சில்வர்களில் குழிக்குழியாக அரிப்பும் இழுவிசை வெடிப்பும் வரக்கூடிய சூழல் அமைந்துவிடும். புகையில் கந்தக டை ஆக்சைடு இருந்தால் இந்தக் கரைப்பான்கள் அதைக் கரியமில வாயுவைவிட ஆவலோடு பிடித்துக்கொள்ளும், எளிதில் விடாது. அமீன் ஆலைகளைப் போலவே இதற்கும் முன்கூட்டியே கந்தகத்தை நீக்கியாக வேண்டும்.

'பசுமைக் கரைப்பான்' என்கிறார்களே?

கோலின், யூரியா, கிளிசரால் மூன்றும் நுண்ணுயிர்களால் சிதையக்கூடியவை, நச்சு குறைந்தவை. எத்திலீன் கிளைக்கால் குடித்தால் சிறுநீரகத்தைக் கெடுக்கும் நஞ்சு. அமீன்கள் தோலையும் கண்ணையும் எரிக்கும். ஒவ்வொரு கலவையையும் அதன் பாகங்களை வைத்தே எடைபோடுங்கள். குடும்பப் பெயருக்குச் சான்றிதழ் தரமுடியாது.

சாண எரிவாயுவைச் சுத்திகரிக்க இது உதவுமா?

அனல்மின் புகையைவிட இங்கே வாய்ப்பு அதிகம். சாண எரிவாயுவில் 35 முதல் 45 விழுக்காடு கரியமில வாயு. 10 பாருக்கு அழுத்தினால் பகுதி அழுத்தம் 4 பார் ஆகிறது. வெறும் கரைதலே போதும், அழுத்தத்தைத் தணித்தால் கரைப்பான் மீளும். சுவீடனின் லூலியோ தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் நீர் சேர்த்த ரிலைனை இதற்காகவே கணினி மாதிரியில் ஆராய்ந்திருக்கிறார்கள். போட்டி எதனோடு என்றால், பச்சைத் தண்ணீரால் கழுவும் முறையோடு. அது மலிவு, பாகுத்தன்மைத் தொல்லை இல்லை. தண்ணீர் எளிதில் கிடைக்கும் ஊரில் அதை வெல்வது கடினம். ஹைட்ரஜன் சல்ஃபைடை முதலிலேயே இரும்பு ஆக்சைடுப் படுகையில் பிடித்துவிடுங்கள். கரைப்பானோடு கரைந்துபோகும் மீத்தேனையும் அளங்கள், அது வெளியேறினால் சூழலுக்குக் கேடு அதிகம்.

ஆலை அளவில் எங்காவது ஓடுகிறதா?

மின்நிலைய அளவில் இல்லை. 2014-ல் தொடங்கிய கனடாவின் பவுண்டரி டாம் நிலக்கரி மின்நிலையம் அமீன் கரைசலில் இயங்குகிறது. தூத்துக்குடியில் சோடா உப்புத் தயாரிக்கும் ஆல்கலி ஆலையில், நிலக்கரிக் கொதிகலன் புகையிலிருந்து ஆண்டுக்கு 60,000 டன் கரியமில வாயு பிடிக்கும் வகையில் 2016-ல் அமைக்கப்பட்டதும் அமீன் சார்ந்த கரைப்பானே. பிடித்த வாயுவை அங்கேயே சோடா உப்பாக மாற்றுவதால் அந்தக் கணக்கு கட்டுப்படியாகிறது. புதுக் கரைப்பான் எதுவானாலும் இந்த வகை ஆலையின் எண்களோடுதான் மோதவேண்டும்.

கோபுரம் இல்லாமல் வேறு வழியில் பயன்படுத்த முடியாதா?

முடியும், பாகுத்தன்மையைச் சுற்றிப்போக அதுவே நல்ல பாதை. நுண்துளைச் சவ்வின் துளைகளில் கரைப்பானை நிரப்பினால் வாயு கடக்கவேண்டிய தூரம் சில பத்து மைக்ரோமீட்டர்தான். சிலிக்கா போன்ற துளைப்பொடியில் அமீன் கலவையை ஊறவைப்பது இன்னொரு வழி. கரைப்பானை எத்தனாலில் நீர்க்கச்செய்து, பொடியில் ஊற்றி, எத்தனாலை வெற்றிடத்தில் நீக்குங்கள். துளைக் கொள்ளளவைவிடக் கூடுதலாக ஏற்றினால் பொடி ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகும். பாதியில் தொடங்கிப் படிப்படியாக ஏற்றுங்கள். சவ்வில் பார்க்கவேண்டியது வேறு: இருபுற அழுத்த வேறுபாடு துளையிலிருந்து திரவத்தைத் தள்ளிவிடும், ஈரமான வாயு அதை ஊதிப் பெருக்கி வழியவைக்கும். உலர்ந்த வாயுவில் ஒரு வாரம் நின்ற சவ்வை ஈர வாயுவிலும் ஒரு வாரம் ஓட்டி, முன்னும் பின்னும் எடைபோட்ட பிறகே அடுத்த கலவைக்குப் போங்கள்.